காலநிலை மாறலும் கணவாயின் வளர்ச்சியும்

மாணவர்களே, "உருவிற் சிறியது இளம் விலங்கு, பெரியது முதிர்ந்த விலங்கு" என விடை எழுதுவோர் பலர். கணவாயைப் பொறுத்தவரை இவ்விடை எப்போதும் சரியாகாது. ஏன் என்பதை இப்பகுதியிற் கற்போம்.

1. அடிப்படை விடயங்கள்

கணவாய் மொலஸ்கா கணத்தின் செபலோபோடா வகுப்பைச் சேர்ந்தது. பெரும்பாலான இனங்கள் ஏறத்தாழ ஒரு வருடமே வாழும். விரைவாக வளர்ந்து, இலிங்க முதிர்ச்சியடைந்து, இனம்பெருக்கியபின் இறந்துவிடும். ஆகவே ஒரு வருடச் சூழல் நிலைமை அவ்வருடக் குடித்தொகையிலேயே வெளிப்படும்.

2. பாதிக்கும் காரணிகள்

(அ) வெப்பநிலை: தாங்கும் எல்லைக்குள் வெப்பநிலை உயரும்போது முட்டை விரைவிற் பொரிக்கும், அனுசேப வீதம் கூடும். உணவு போதியளவு கிடைப்பின் வளர்ச்சியும் விரைவாகும்.

(ஆ) உணவு: அனுசேபம் கூடும்போது உணவுத் தேவையும் கூடும். எல் நினோக் காலத்தில் கிழக்குப் பசுபிக்கின் மேற்பரப்பு நீர் வெப்பமடைகிறது. ஆழத்திலிருந்து மேலே வரும் போசணைப் பொருட்கள் குறைகின்றன. இதனால் தாவரப் பிளாந்தன்கள் குறைய, உணவுச் சங்கிலி முழுவதும் பாதிக்கப்படுகிறது.

3. உதாரணம்: ஹம்போல்ட் கணவாய்

மெக்சிக்கோவின் கலிபோர்னியா குடாவில் வாழும் இவ்வினத்தில் 2009 - 2010 எல் நினோவின் பின் அவதானிக்கப்பட்ட மாற்றம் வருமாறு:

வழமையாக: முதிர்ச்சியடையும் வயது 1 - 1½ வருடம், மென்மூடி நீளம் 55 சென்ரிமீற்றருக்கு மேல்.

எல் நினோவின் பின்: வயது ஏறத்தாழ 6 மாதம், மென்மூடி நீளம் 30 சென்ரிமீற்றருக்குக் குறைவு.

பெரிய கணவாய்கள் குவாய்மாஸ் பகுதியை விட்டு நீங்கின. அவை சென்ற வடபகுதியில் வற்றுப்பெருக்கு நீரைக் கலப்பதால் போசணை குறையவில்லை. குவாய்மாஸில் நடைபெற்ற பெரும் கணவாய் மீன்பிடி வீழ்ச்சியுற்றது. அங்கு எஞ்சிய சிறிய கணவாய்கள் குஞ்சுகள் அல்ல, முதிர்ச்சியடைந்தவை.

4. விளக்கம்

பெரிய உடலை ஆக்க அதிக உணவும் காலமும் தேவை. உணவு குறைந்த சூழலில் காத்திருக்கும் விலங்கு இனம்பெருக்குமுன் இறக்க நேரிடலாம். சிறிய உருவிலேயே முதிர்ச்சியடைந்தால் சந்ததி தொடரும். எனினும் சிறிய பெண் கணவாய் இடும் முட்டைகளின் எண்ணிக்கை குறைவு. அதாவது, ஒரு நன்மைக்காக மற்றொன்று இழக்கப்படுகிறது.

கவனிக்க: கணவாயின் வயதை அறியத் தலையிலுள்ள சமநிலைக் கற்களின் நாள் வளையங்கள் எண்ணப்படும். முதிர்ச்சியை அறிய இலிங்கச் சுரப்பிகள் பரிசோதிக்கப்படும். நீளம் மாத்திரம் போதாது.

மாதிரி வினா

"கடல்நீர் வெப்பமடைந்தால் கணவாய்கள் பெரிதாக வளரும்." இக்கூற்றை ஆராய்க.

விடைக் குறிப்பு

- வெப்பநிலை உயர்வு அனுசேபத்தையும் விருத்தியையும் விரைவாக்கும்.
- வளர்ச்சி விரைவாவதற்குப் போதிய உணவு அவசியம்.
- எல் நினோவில் வெப்பம் கூடும்போதே உணவு குறையும்.
- இந்நிலையில் கணவாய் சிறிய உருவில், இளவயதில் முதிர்ச்சியடையலாம் (ஹம்போல்ட் கணவாயை உதாரணமாகத் தருக).
- ஆகவே கூற்று எல்லாச் சந்தர்ப்பங்களிலும் உண்மையன்று.

இறுதி வரியை மட்டும் எழுதினாற் போதாது. காரணங்களை ஒழுங்காக எழுதிய பின்னரே முடிவைத் தருக.