நொய்யலும் சாயநீரும்

கொங்கு நாட்டின் மேற்கெல்லையில் வெள்ளியங்கிரி மலை ஓங்கி நிற்கிறது. அம்மலைச் சாரலில் தோன்றும் நொய்யலாறு, கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய நகரங்களின் வழியே கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பேரூர்த் திருக்கோயில் இதன் கரையிலே விளங்குகிறது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வாற்றங்கரையிலுள்ள கொடுமணலே என்பர் அறிஞர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகிற்று. பல மாவட்டத்து மக்களுக்கு அது வாழ்வளித்தது. துணிக்கு வண்ணமேற்றச் சாயப்பட்டறைகள் பல எழுந்தன. பருத்தியில் சாயம் நன்கு பற்றும்பொருட்டு நீரில் உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். சாயத்தின் பெரும்பகுதியைத் துணி ஏற்றுக்கொள்ளும். உப்போ நீரிலேயே தங்கிவிடும். அந்நீர் நொய்யலில் விடப்பட்டது.

திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென ஓர் அணை கட்டப்பெற்று, 1992ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. வயல் செழிக்கும் என உழவர் மகிழ்ந்தனர். ஆனால் அணையில் தேங்கியதோ சாயக்கழிவு. நிலம் உவராயிற்று, கிணற்று நீர் கரித்தது, பயிர்கள் பட்டன. ஊருக்கு வளம் தர எழுந்த அணையே உழவர்க்குத் துயராய் முடிந்தது.

இத்தீங்கைத் தடுக்கப் பட்டறைகள் பல ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. ஆயினும் தீங்கு நீங்கவில்லை. அதன் காரணம் அறியத்தக்கது. வீட்டுக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்தில், முதலில் குப்பையை வடித்து, மண்டியைப் படியவைப்பர். பின்னர் நீரினுள் காற்றைச் செலுத்துவர். அக்காற்றினால் பெருகும் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு தீர்க்கும். இம்முறையை 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் ஆர்டென், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர். உப்போ நுண்ணுயிர்க்கு உணவன்று; நீரில் கரைந்திருப்பதால் படிவதுமில்லை. ஆகவே நிறம் நீங்கித் தெளிந்த நீரிலும் உப்பு குறையாதிருந்தது. தெளிந்த நீரெல்லாம் நன்னீர் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

உழவர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரில் ஒரு துளியும் ஆற்றிற் சேரலாகாது என்பதே அவர்தம் வழக்கின் பயனாய் எழுந்த நெறி. அந்நெறி நிறைவேறாமையால், சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைகள் அடைபட்டன, தொழிலாளர் பலர் வேலையிழந்து வருந்தினர். உழவர் துயரைப் போன்றே தொழிலாளர் துயரும் மெய்யானதே. ஒருவர் வாழ மற்றவர் கெடுதல் தகாது. இருவரும் வாழும் வழியே வேண்டியிருந்தது.

அவ்வழியைப் புதிய பொறிமுறை காட்டிற்று. நுண்ணுயிர்களால் தூய்மை பெற்ற நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே பேரழுத்தத்துடன் செலுத்துவர். நன்னீர் சவ்வைக் கடந்து வரும். உப்பு மிகுந்த நீர் பின்தங்கும். பின்தங்கிய நீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுப்பர். நன்னீரும் உப்பும் மீண்டும் சாயத் தொழிலுக்கே பயன்படும். இதற்கு மின்னாற்றலும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். எஞ்சும் கசடைக் காக்கும் கடமையும் உண்டு. ஆயினும் ஆற்றைக் கெடுப்பதால் நேரும் இழப்பை நோக்க, இச்செலவைச் சுமை எனல் பொருந்தாது. முன்னர் அச்செலவைத் தொழில் செய்தோர் ஏற்கவில்லை. கீழூர் உழவரே தம் நிலத்தையும் கிணற்றையும் இழந்து செலுத்தினர்.

சாயநீரைத் தடுத்த அளவில் கடமை முடிந்துவிடாது. நகரங்களின் வீட்டுக் கழிவுநீரும் நொய்யலைச் சேர்கிறது. ஆற்றின் மேற்புறத்தில் வாழ்வோர் விடும் நீரே கீழ்ப்புறத்தில் வாழ்வோர் பெறும் நீராகும். ஆதலால், ஒருவர் தாம் பருகத் தயங்கும் நீரைப் பிறர்க்கென ஆற்றில் விடாதிருத்தலே அறமாகும்.