ஆயிரவர் போரில் ஒரு புதியவள்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

விளையாட்டு என்றதும் நம் கண்முன் வருபவை கூடைப்பந்துத் திடலும், வளையப்பந்தும், மழை நாளில் வீட்டுத் திண்ணையில் ஆடும் பல்லாங்குழியுமே. இன்று அவற்றோடு கணிப்பொறி விளையாட்டுகளும் சேர்ந்துவிட்டன. பல நாடுகளில் இருப்போர் ஒரே நேரத்தில், ஒரே களத்தில் கூடி ஆடும் துப்பாக்கிப் போர் விளையாட்டு அவற்றுள் ஒருவகை. "துப்பாக்கி விளையாட்டில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே, கோடை விடுமுறையில் அண்ணனின் கணிப்பொறியில் நான் ஆடிய 'பிளானட்சைடு 2' என்னும் விளையாட்டைப் பற்றியும், அதில் புதிதாய் நுழைபவர் முதல் சில நாட்களில் கற்றுக்கொள்பவை பற்றியும் இங்கு எழுதுகிறேன்.

விளையாட்டின் வரலாறு

இதன் முதல் பகுதியான 'பிளானட்சைடு' 2003-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. இரண்டாம் பகுதி 2012-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் வெளியாயிற்று. இரண்டையும் வெளியிட்டது அமெரிக்காவின் சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம். அந்நிறுவனம் 2015-இல் டேபிரேக் கேம் கம்பெனி எனப் பெயர் மாறியது.

2015-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் இவ்விளையாட்டின் ஒரே போரில் 1,158 பேர் கலந்துகொண்டு கின்னஸ் சாதனை படைத்தனர். ஒரு பெரிய பள்ளியின் காலை வணக்கக் கூட்டம் முழுவதும் ஒரே களத்தில் இறங்கியதாக எண்ணிப் பாருங்கள், தோழியரே! அதுவே இதன் தனிச்சிறப்பு.

கதையும் களமும்

ஆராக்சிஸ் என்னும் கற்பனைக் கோளில் மூன்று அணிகள் போரிடுகின்றன. சட்டமும் ஒழுங்குமே பெரிதென்பது டெர்ரன் ரிபப்ளிக். அதன் நிறம் சிவப்பும் கறுப்பும். விடுதலையே பெரிதென்பது நியூ காங்லோமரேட். அதன் நிறம் நீலமும் பொன்னும். வேற்றுலகத் தொழில்நுட்பத்தையே தெய்வமாகப் போற்றுவது வானு சாவரின்டி. அதன் நிறம் ஊதா. தொடங்கும்போதே நமக்கென ஓர் அணியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இக்கோளில் கண்டங்கள் பல. இன்டார் பாலை நிலம். எசாமிர் பனி நிலம். அமெரிஷ் பசுமலை நாடு. பின்னர் சேர்க்கப்பட்ட ஹாசின் சதுப்புக் காடு. ஒரு கண்டம் ஏறத்தாழ 64 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் சிதறிக் கிடக்கும் கோட்டைகளையும் தளங்களையும் ஒவ்வொன்றாகக் கைப்பற்றுவதே போரின் நோக்கம்.

அரை நொடியில் ஒரு வாழ்வு

புதியவர் களத்தில் இறங்கியதும் நேர்வது என்ன? நாற்புறமும் வெடியோசை, வானில் விமானங்கள், எதிரே பீரங்கி வண்டிகள். பகைவர் எங்கே என்று திரும்புவதற்குள் திரை மங்கி, நாம் வீழ்ந்துவிட்டோம் என்ற செய்தி வந்துவிடும். மீண்டும் எழுவோம், மீண்டும் வீழ்வோம். முதல் அரை மணி நேரத்தில் எத்தனை முறை வீழ்ந்தேன் என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரண வீரர் ஒருவருக்கு உடல்வலிமை 500, அதன்மேல் கவசம் 500, ஆக மொத்தம் 1,000. பல துப்பாக்கிகளின் ஒரு குண்டு அருகிலிருந்து பாய்ந்தால் 143 குறையும். அப்படியானால் ஏழு குண்டுகளில் ஒருவர் வீழ்வார். நிமிடத்திற்கு 700 குண்டுகள் பாயும் துப்பாக்கியில், முதற்குண்டிலிருந்து ஏழாம் குண்டு வரை ஆகும் நேரம் அரை நொடிதான்! கண்ணிமைத்துத் திரும்பும் நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே, சுடத் தொடங்கியபின் சிந்திப்பவருக்கு வெற்றியில்லை. எங்கே நிற்பது என்று முன்னரே சிந்தித்தவருக்கே வெற்றி. கவசம் மட்டும், சற்று நேரம் அடிபடாமல் ஒதுங்கியிருந்தால் தானே நிறையும். அதனால் ஒதுங்கத் தெரிவதும் ஒரு திறமையே.

சுவருக்குப் பின்னும் சாவு

புதியவரை மிகவும் சினமூட்டுவது ஒன்று உண்டு. சுவருக்குப் பின் ஓடி மறைந்துவிட்டோம். ஆயினும் மறைந்தபின் வீழ்கிறோம்! "ஏமாற்றுகிறார்கள்" என்று தோன்றும். உண்மை அதுவன்று, இங்கே நம் இயற்பியல் பாடம் உதவுகிறது.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். பத்தாயிரம் கிலோமீட்டரைக் கடக்க அதற்கு நொடியில் இருபதில் ஒரு பங்கு வேண்டும். இடையிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. இவ்விளையாட்டில், குண்டு பட்டதா இல்லையா என்பதைச் சுட்டவரின் கணிப்பொறியே முடிவு செய்கிறது. நாம் சுவருக்குப் பின் சென்ற செய்தி அவரை எட்டும் முன், அவர் திரையில் நாம் இன்னும் வெளியேதான் நிற்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை. நாமும் பொய் சொல்லவில்லை. இருவர் கண்டதும் வெவ்வேறு கணம், அவ்வளவே. காரணம் தெரியாமல் பிறரைக் குறை கூறலாகாது என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கற்றதில்லை.

சுடாமலும் உதவலாம்

நன்கு சுடத் தெரியாதவருக்கு இக்களத்தில் இடமே இல்லையா? இக்கேள்விக்கு விடை கிடைத்த நாளில்தான் எனக்கு விளையாட்டே பிடிபட்டது.

வீரர்கள் பல பிரிவினர். மறைந்து உளவு பார்ப்பவர், முதுகில் பொறி கட்டி உயரே தாவுபவர், கனரக ஆயுதம் ஏந்துபவர், இரும்புக் கவசத்துள் நடப்பவர் என்று பலர். இவர்களோடு மருத்துவரும் பொறியாளரும் உண்டு. மருத்துவர் காயம்பட்டவரைத் தேற்றுவார்; வீழ்ந்து கிடப்பவரைத் தம் கருவியால் மீண்டும் எழுப்புவார். பொறியாளர் குண்டுகள் தீர்ந்தவருக்குக் குண்டுப் பெட்டி வைப்பார். உடைந்த வண்டிகளைப் பழுது பார்ப்பார்.

இவ்வுதவிகள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. 250 மதிப்பெண்கள் சேர்ந்தால் ஒரு சான்றுப் புள்ளி கிடைக்கும். அப்புள்ளிகளால் நம் கருவிகளை மேம்படுத்தலாம். சுட்டவர் மட்டுமே புகழ் பெறுவர் என்றில்லை. நான் மருத்துவராக ஆடிய இரண்டாம் நாள், முன்பின் அறியாத ஒருவரை எழுப்பியபோது, அவர் ஆங்கிலத்தில் 'நன்றி' என்று ஒரு சொல் தட்டச்சு செய்துவிட்டு ஓடினார். அவர் எந்த நாட்டினரோ! அந்த ஒரு சொல்லுக்காகவே அன்று மாலை முழுவதும் மருத்துவராகவே இருந்தேன்.

சண்டரர் என்னும் வண்டி

பன்னிருவர் அமரக்கூடிய சண்டரர் என்னும் கவச வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதைப் பகைவர் கோட்டைக்கு அருகே ஓட்டிச் சென்று, தகுந்த இடத்தில் நிறுத்தி விரித்தால், வீழ்ந்த நம் அணியினர் அங்கிருந்தே மீண்டும் எழுந்து வரலாம். வண்டி இல்லையேல் நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும், தாக்குதல் ஓய்ந்துவிடும். ஒரு பாறையின் மறைவில் நிற்கும் ஒரே வண்டியை நம்பி நூறு பேர் போரிடுவதும் உண்டு. அதன் அருகிலேயே நின்று காத்துப் பழுது பார்க்கும் பொறியாளரை எவரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிடில் என்ன ஆகும் என்பது, வண்டி வெடித்த மறுநிமிடமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். வீட்டில் அம்மாவின் வேலையும் அத்தகையதன்றோ!

கூடி ஆடுதல்

தனியே பகைவர் நடுவே பாய்பவர் நிலை, சக்கர வியூகத்தில் நுழைந்த அபிமன்யுவின் நிலைதான். உள்ளே செல்வது எளிது, மீள்வது அரிது. எனவேதான் 12 பேர் கொண்ட குழுவும், அத்தகைய நான்கு குழுக்கள் சேர்ந்த 48 பேர் படையும் அமைக்கப்பட்டுள்ளன. தலைவர் வரைபடத்தில் இடத்தைக் குறிப்பார். மற்றவர் அங்கே செல்வர். புதியவர் முதல் நாளே ஒரு குழுவில் சேர்வது நன்று.

நம் அணியினர் மீது குண்டு பட்டாலும் அவருக்குக் காயம் உண்டாகும். அவ்வாறு அடிக்கடி செய்பவரின் துப்பாக்கி சிறிது நேரம் பூட்டப்படும். ஆகையால், சுடுமுன் எதிரே நிற்பவர் யார் என்று பார்ப்பதே முதல் பழக்கமாக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இவ்விளையாட்டை இலவசமாகவே ஆடலாம். ஆனால் பணம் கொடுத்து வாங்கும் பொருள்களும் கடையில் கண்சிமிட்டும். பெரும்பாலான ஆயுதங்களை உழைத்துப் பெற்ற புள்ளிகளாலேயே வாங்க முடியும். பெற்றோரின் பணத்தைத் தொட வேண்டியதில்லை. களத்தில் அறியாதவரோடு பேசவும் வழியுண்டு. நம் உண்மைப் பெயர், ஊர், பள்ளி, தொலைபேசி எண் எதையும் சொல்லலாகாது. தகாத சொல் கேட்டால் அவர் குரலை அடைத்துவிட்டு வீட்டுப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். போருக்கு முடிவே இல்லாததால் 'இன்னும் ஒரு கோட்டை' என்ற ஆசையும் முடிவதில்லை. என் வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் என்பது அப்பா வகுத்த சட்டம். தொடக்கத்தில் கசந்தாலும், அதனால்தான் விடுமுறையில் வேறு விளையாட்டுகளுக்கும் நேரம் இருந்தது.

முடிவுரை

இனி, பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். இது போர் விளையாட்டுதான், அதை மறைப்பதற்கில்லை. இதில் வீழ்ந்தவர் சில நொடிகளில் எழுந்து சிரிக்கிறார். உண்மைப் போரில் வீழ்ந்தவர் எழுவதில்லை. அவருக்காக ஒரு வீடே அழுகிறது. இந்த வேறுபாட்டை மறந்து ஆடுபவர் எத்தனை கோட்டை பிடித்தாலும் தோற்றவரே.

மறவாது ஆடுபவருக்கோ ஒரு பாடம் உண்டு. ஆயிரம் பேர் கூடிய இடத்தில் புதியவள் ஒருத்தி, "நான் எப்படிப் புகழ் பெறுவேன்?" என்று கேட்டால் அரை நொடியில் வீழ்வாள். "இங்கே யாருக்கு என்ன தேவை?" என்று கேட்டால் முதல் நாளிலேயே பயன்படுவாள். அடுத்த ஆண்டு நம்மில் பலர் புதிய வகுப்புக்கும், சிலர் புதிய பள்ளிக்கும் செல்லவிருக்கிறோம். அங்கும் நாம் புதியவர்களே. அந்த இரண்டாவது கேள்வியைக் கையில் எடுத்துச் செல்வோம், தோழியரே!