பிஎஃப் பாஸ்புக்கில் மனைவிக்கு என்ன பங்கு?



விவாகரத்து ஆனால் கணவனின் பிஎஃபில் பாதி மனைவிக்குத் தானாக வந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். வராது. அப்படிப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் கோவாவில் 1867-ஆம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் வழியில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தம்பதியின் சொத்து இருவருக்கும் பொது. மற்ற மாநிலங்களில் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம்.

நம் மணவாளக்குறிச்சிக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் என்று பிரித்தெடுக்கும் ஐ.ஆர்.இ.எல் ஆலை இருக்கிற ஊர். மாதச் சம்பளக் குடும்பங்கள் உள்ள ஊர். பிரிவு என்று வந்தால் வீடு, நகை, தென்னந்தோப்பு பற்றித்தான் பேச்சு எழும். பிஎஃபும் கிராஜுவிட்டியும் கண்ணில் படாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேர்ந்து 40,000 ரூபாய் வாங்கும் பழைய ஊழியர் ஒருவர். முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம், அதாவது 4,800 ரூபாய் போகும். கம்பெனியும் 4,800 போடும். அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போக மீதி 3,550 பிஎஃபில் சேரும். ஆக மாதம் 8,350, வட்டி தனி. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் 20 வருட சர்வீஸுக்குக் கிராஜுவிட்டி சுமார் 4,61,500 ரூபாய். அந்த 20 வருடமும் காலை ஷிப்டுக்குச் சோறு கட்டிக்கொடுத்து, பிள்ளைகளை வளர்த்து, மாமியாருக்கு மருந்து எடுத்துக்கொடுத்தவரின் பெயர் நாமினி இடத்தில் மட்டுமே இருக்கும். விவாகரத்தோடு அதன் பலனும் போய்விடும். பிஎஃப் திட்டம் சொல்லும் ‘குடும்பம்’ என்பதற்குள் விவாகரத்தான மனைவி வரமாட்டார்.

இன்னொரு தடையும் உண்டு. 1952-ஆம் ஆண்டின் பிஎஃப் சட்டம், நிதியில் கிடக்கும் பணத்தை எந்தக் கோர்ட் டிக்ரியாலும் ஜப்தி செய்ய முடியாதென்று 10-ஆம் பிரிவில் வைத்தது. கிராஜுவிட்டிக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே பாதுகாப்பு. கடன்காரரிடமிருந்து தொழிலாளியின் முதுமையைக் காக்கப் போட்ட வேலி அது, நல்ல வேலிதான். ஆனால் மனைவியையும் கடன்காரரோடு சேர்த்து வெளியே நிறுத்திவிடுகிறது. ஓய்வூதியம் பற்றிய ஒரு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஜீவனாம்சம் கேட்கும் மனைவி கடன்காரர் ஆகமாட்டார் என்று சொன்னது. நியாயமான பேச்சு அதுதான்.

அப்படியானால் வழி? ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 37-ஆம் பிரிவு. தொகையைத் தீர்மானிக்கும்போது கணவனின் வருமானமும் சொத்தும் கணக்கில் வரும். பிஎஃபைத் தொட முடியாவிட்டாலும், அது எவ்வளவு என்று காட்டி வேறு பணத்திலிருந்து கேட்கலாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்றது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்றும் சொன்னது. ஜீவனாம்ச டிக்ரி என்றால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். மற்றக் கடனுக்கு அவ்வளவு கிடையாது.

வெளியே பார்த்தால் வேறு மாதிரி. ஜெர்மனியில் 1977 முதல், மணவாழ்க்கைக் காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமை விவாகரத்தில் பங்கிடப்படுகிறது. கனடாவில் 1978 முதல் அரசின் ஓய்வூதியத் திட்டக் கணக்கைப் பிரிக்கிறார்கள். டொரன்டோவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதுதான் சட்டம். வீட்டு வேலை செய்தவரா, ஆபீஸ் போனவரா என்று யாரும் கேட்பதில்லை. இங்கேயும் ஒரு முயற்சி நடந்தது: கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையின் காலம் முடிந்து 2014-இல் காலாவதியானது. பிறகு சட்டமாகவில்லை.

நீதிமன்றம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. சவூதியில் வேலை பார்த்த கணவனின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அதில் உண்டு, அவருக்கும் சமபங்கு என்று தீர்ப்பளித்தார். விவாகரத்து வழக்கல்ல, பிஎஃப் வழக்குமல்ல. ஆனாலும் கல்ஃபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் பக்கத்துக்கு அது பெரிய தீர்ப்பு.

பரஸ்பர சம்மத விவாகரத்தில்தான் நிறையப் பெண்கள் ஏமாறுகிறார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உனக்குத் தெரிந்தவர் யாராவது அந்த நிலையில் இருந்தால் முதலில் சம்பளச் சீட்டு, யூஏஎன் எண், பாஸ்புக் நகல், எல்ஐசி பத்திரம் இவற்றின் படத்தை எடுத்து வைக்கச் சொல். வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.