பேக்கப் இருக்கு சார்!

சிறுசேரி சிப்காட் பூங்காவில் ஐ.டி. அலுவலகங்களுக்கு நடுவே டேட்டா சென்டர்களும் எழும்பிவிட்டன. அதானிகனெக்ஸ் 2022-இல் திறந்தது, சிஃபியும் வந்துவிட்டது. கூடவே சில நம்பிக்கைகளும் வேர்பிடித்திருக்கின்றன.

நம்பிக்கை: "சர்வர் டேட்டா சென்டரில் இருக்கிறது. யூபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. மழைக்குப் பயமில்லை."

கட்டடத்துக்குப் பயமில்லை, சரி. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. மறுநாள் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. காரணம், மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் லாரியும் சாலை வழியாகத்தான் வரவேண்டும். ஷிஃப்ட் மாற்றிவிட ஆள் வரவேண்டும். 2016-இல் வர்தா புயல் அடித்தபோது ஏர்டெல்லின் கடலடிக் கேபிள் ஒன்று சேதமானது. இணைப்புகள் எல்லாமே போனால் சர்வர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் எட்டாது.

நம்பிக்கை: "வேறு ஊரில் டி.ஆர். சைட் இருக்கிறது. இங்கே விழுந்தால் அங்கே எழுந்துவிடும்."

டி.ஆர். என்றால் டிசாஸ்டர் ரெகவரி, பேரிடரின்போது வேலையை ஏற்கும் மாற்றுத் தளம். அது தானாக எழாது. தேசியப் பங்குச் சந்தை இயங்குவது மும்பையில், அதன் டி.ஆர். சைட் நம் சென்னையில். 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. புயலில்லை, வெள்ளமில்லை. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் பழுதானதில் தொடங்கிய சிக்கல் அது. மாலை 3.45-க்குத்தான் சந்தை மறுபடி திறந்தது. அதுவரை சென்னைக்கு மாறவே இல்லை! ஏன் மாறவில்லை என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விளக்கம் கேட்டது. அடுத்த மாதமே கெடு விதித்தது: கோளாறு தொடங்கிய 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்றுத் தளத்தில் வேலை நடக்க வேண்டும்.

இந்தக் கெடுவில் முதல் பாதிதான் கடினம் என்பேன். நடுப்பகலில் மாறினால், கடைசி நிமிடப் பதிவுகள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தனவா என்ற சந்தேகம் வரும். 'இன்னும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்' என்று ஒருவர் சொல்வார். மாற்று என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத இடத்தில் அந்தப் பத்து நிமிஷம் நீண்டுகொண்டே போகும். பங்குச் சந்தைகள் 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளில் சிறப்பு வர்த்தகம் வைத்து, நடுவிலேயே டி.ஆர். சைட்டுக்கு மாறிக் காட்டின. நிஜப் பணத்தோடு நடந்த ஒத்திகை.

சிறு கடைகளின் நம்பிக்கை: "டேலி கணக்கு பேக்கப் தினமும் டி டிரைவில் ஏறிவிடுகிறது."

சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரு பாகங்கள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். இரண்டு டிஸ்க்கில் மிரர் போட்டாலும் தப்பாக அழித்தது இரண்டிலும் அழியும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டால், ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்; மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய பில் வருகிறதா பாருங்கள். ஒரு டிஸ்க் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வீடு வெள்ளம் புகும் முடிச்சூரில் என்றால், மாடியில்.