காரணம் கேட்டுக் கடிதம் வந்தால்…

சுங்கை லாலாங், பீடோங் தோட்டமானாலும் சுங்கை பட்டாணி தொழிற்சாலையானாலும், "கையெழுத்துப் போடு" என்று ஒரு மலாய்க் கடிதத்தை நீட்டும்போது பலருக்கு வாய் அடைத்துப்போகிறது. மறுப்பைச் சொல்லவும் முறை இருக்கிறது.

1. கடிதத்தை வாங்குங்கள். வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே பதிவு செய்வார்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

2. "நீயே ராஜினாமா எழுதிக் கொடு, பேர் கெடாது" என்பார்கள். எழுதாதீர்கள். பிறகு, நீக்கினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

3. குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே பதில் எழுதி, நகலில் அலுவலக 'சாப்' வாங்குங்கள். மலாய் தடுமாறினால் படிக்கும் பிள்ளையையோ சங்கப் பொறுப்பாளரையோ உட்காரவைத்து எழுதுங்கள்.

4. விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்றால், அது 2 வாரத்தைத் தாண்டக்கூடாது; பாதிச் சம்பளமாவது தரவேண்டும். குற்றம் நிரூபணமாகாவிட்டால் மீதிப் பாதியும் உங்களுடையது. 1955 வேலைச் சட்டம் சொல்வது இது.

5. நீக்கியேவிட்டால், மீண்டும் வேலை கேட்டு, நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுங்கள். தொழிலாளர் இலாகா வேறு, இது வேறு. இடம் மாறி அலைந்தே நாளைத் தொலைத்தவர்கள் உண்டு. வழக்கறிஞர் தேவையில்லை.

வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்றே காலண்டரில் அந்த 60-வது நாளை வட்டமிடுங்கள். 61-வது நாள் மனுவை ஏற்கமாட்டார்கள்.