பூட்டிய வீடும் இரண்டு படிக்கட்டுகளும்: நீதிமன்ற அமைப்பைக் கற்பித்தல்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘நீதித்துறை’ பாடம் முடிந்ததும் நீதிமன்றங்களின் பெயர்களை மாணவர்கள் வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த வழக்கு எங்கே போகும் என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். கானாடுகாத்தானில் பணியாற்றும் நான், இந்தத் தயக்கத்தைப் போக்க ஊரில் எல்லோரும் அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு.

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இங்கே உண்டு. கட்டியவரின் கொள்ளுப்பேரன் காலத்தில் பங்காளிகள் பலராகிவிடுகிறார்கள்; பலர் வெளியூரில், சிலர் வெளிநாட்டில். ஒத்துவராதபோது வீடு பூட்டப்படுகிறது. ஓடு சரிகிறது, மழை இறங்குகிறது. தேக்குத் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. ஆகவே இந்தப் பாடம் மாணவர்களுக்கு வெறும் தேர்வு வினா அல்ல.

செயல்பாடு: நான்கு சீட்டுகள்

கற்பனையான ஒரு வீட்டைப் பற்றி நான்கு சீட்டுகளைக் குழுக்களுக்குத் தருகிறேன்.

1. ஒரு பங்காளி தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறார், மற்றவர்கள் மறுக்கிறார்கள்.
2. மற்றவர்களைக் கேட்காமல் ஒருவர் தூண்களை விற்க விலை பேசுகிறார்.
3. இரவில் யாரோ பூட்டை உடைத்துக் கதவுகளைத் திருடிப் போகிறார்கள்.
4. வாய்ப்பேச்சு முற்றி ஒருவர் இன்னொருவரை அடித்துக் காயப்படுத்துகிறார்.

ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டே கேள்விகள்: வழக்கை நடத்துபவர் யார்? நீதிமன்றத்திடம் என்ன கேட்கப்படுகிறது?

முதல் இரண்டில் பாதிக்கப்பட்டவரே வாதி. அவர் கேட்பது பாகப்பிரிவினை, விற்பனைக்குத் தடை உத்தரவு. இவை உரிமையியல் வழக்குகள். மூன்றாவதில் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிந்து விசாரிக்கிறது, வழக்கை அரசு நடத்துகிறது, கேட்கப்படுவது தண்டனை. இது குற்றவியல் வழக்கு. நான்காவது சீட்டில்தான் விவாதம் சூடுபிடிக்கும். அடித்தது குற்றம், ஆனால் காயம்பட்டவர் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம். ஒரே நிகழ்வு இரண்டு வழியிலும் போக முடியும் என்பதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்.

நிரூபிக்கும் அளவும் வேறு. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். உரிமையியல் வழக்கில் இரு தரப்பில் எது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கப்படுகிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு ஏன் கூடுதல் உறுதி தேவை என்று கேட்டால், பிள்ளைகள் தெளிவாகவே பதில் சொல்கிறார்கள்.

படிக்கட்டுகள் சேரும் இடம்

அடுத்து, கரும்பலகையில் இரண்டு படிக்கட்டுகளை வரைகிறேன். உரிமையியல் படிக்கட்டின் முதல் படி, பெரியவர்கள் ‘முன்சீப் கோர்ட்டு’ என்று சொல்லும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். நமக்கு அது காரைக்குடி. சொத்தின் மதிப்பு கூடினால் சார்பு நீதிமன்றம். தேவகோட்டையில் ஒன்று உள்ளது. அதற்கு மேல் சிவகங்கை மாவட்ட நீதிமன்றம்.

குற்றவியல் படிக்கட்டின் முதல் படி நீதித்துறை நடுவர் நீதிமன்றம். முதல் வகுப்பு நடுவர் மூன்று ஆண்டு வரையிலும், தலைமை நீதித்துறை நடுவர் ஏழு ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். கொலை போன்ற வழக்குகளை நடுவர் அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால் அதை உயர்நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே நிறைவேற்ற முடியும்.

மாவட்ட நீதிபதியும் அமர்வு நீதிபதியும் ஒருவரே. சொத்து வழக்கில் அவர் மாவட்ட நீதிபதி. கொலை வழக்கில் அமர்வு நீதிபதி. கீழே பிரிந்திருந்த படிக்கட்டுகள் இந்தத் தளத்தில் சேர்கின்றன. அங்கிருந்து உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிறகு டெல்லியில் உச்சநீதிமன்றம். மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கும்வரை நம் மாவட்டத்தார் மேல்முறையீட்டுக்குச் சென்னை போக வேண்டியிருந்தது.

லண்டன்வரை போன சிவகங்கை வழக்கு

மேல்முறையீடு எதற்கு என்பதை விளக்க நம் மாவட்ட வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் காலமானார். ஜமீன் அவருடைய அண்ணன் வழிக்குப் போனது. மனைவி தொடுத்த வழக்கை, பின்னர் மகள் காத்தம நாச்சியார் முன்னெடுத்தார். இங்குள்ள நீதிமன்றங்களில் தோல்வி. அன்றைய இறுதிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் தீர்ப்பை மாற்றியது. ஜமீன் தந்தைக்குத் தனியாகக் கிடைத்த சொத்து. குடும்பம் பிரியாமல் இருந்திருந்தாலும் அது அண்ணன் வழிக்குப் போகாது என்றது. ஒரு மகள் தன் உரிமையைப் பெற 34 ஆண்டுகள் ஆயின. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்குரிமை தந்த சட்டங்கள் பிறகே வந்தன: தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும். இதைச் சொல்லும்போது வகுப்பில் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஒரு மாணவியின் கேள்வி

“போலீஸ்ல சொன்னா வீட்டைப் பிரிச்சுக் குடுப்பாங்களா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். சொத்தைப் பிரித்துத் தரும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. அதுபோலவே திருடனைத் தண்டிக்க முன்சீப் கோர்ட்டால் முடியாது. தவறான வாசலில் நிற்கும் குடும்பம் காலத்தையும் பணத்தையும் இழக்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது அடுத்த கவலை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். உதவி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் பங்காளிகள் சமரசம் செய்துகொள்ளவும் வழியுண்டு. வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இந்த எண்ணை மாணவர்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறார்கள்.

மதிப்பீட்டுக்கு, நாளிதழில் வந்த ஒரு வழக்குச் செய்தியை வெட்டி ஒட்டி, அது எந்தப் படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படி எது என்று எழுதச் சொல்கிறேன். உங்கள் ஊரில் பூட்டிய வீடு இல்லாவிட்டால் வரப்புத் தகராறோ வாய்க்கால் தகராறோ இருக்கும். கேள்விகள் அதே இரண்டுதான்.