வயற்காவலுக்குரிய துப்பாக்கி: தானே இயங்குவதா, கையால் இழுப்பதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெல் விளைவில் முதன்மை பெற்றது ஆர்க்கன்ஸா மாகாணம். குளிர்காலத்தில் வடதுருவப் பிரதேசத்திலிருந்து பனிவாத்துகள் கூட்டங்கூட்டமாய் அங்கு வந்திறங்கி, அறுவடையான வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்குவதோடு, இளங்கோதுமைப் பயிரையும் மேய்ந்து சேதப்படுத்துகின்றன. இவற்றின் அளவு கடந்த பெருக்கத்தைக் குறைக்க, 1999-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சர்க்கார் விசேஷ அனுமதி வழங்கியுள்ளனர். ஆகவே, பம்பு துப்பாக்கி வாங்குவதா, அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்குவதா என்னும் கேள்வி அவ்விடத்துக் குடியானவர்க்கு அடிக்கடி எழுகிறது.

இவ்விரு வகையிலும் பெயர் பெற்ற துப்பாக்கிகளை அமைத்தவர் யூட்டா மாகாணத்து ஜான் பிரௌனிங் என்பவரே. அவர் வகுத்த பம்பு துப்பாக்கியொன்றை வின்செஸ்டர் கம்பெனியார் 1897-இல் வெளியிட்டனர். அவருடைய தானியங்கி அமைப்பு 1900-இல் காப்புரிமை பெற்றுப் பின்னர் பெல்ஜியத்தில் தயாராயிற்று.

வேலை செய்யும் விதம்

இரண்டிலும் தோட்டாக்கள் குழலின் கீழுள்ள சிறு குழாயில் வரிசையாக அடங்கியிருக்கும். பம்பு வகையில் சுட்டபின் முன்பிடியைப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளினால் புதுத் தோட்டா அறையில் ஏறும். அரைத் தானியங்கி வகையில், வெடியின் உதைப்பு வேகமோ மருந்தின் வாயுவோ இவ்வேலையைத் தானே முடித்துவிடும். விசையை மட்டும் ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். ஏற்றம் இறைப்பதற்கும் என்ஜின் வைத்து இறைப்பதற்கும் உள்ள பேதம் போன்றதே இது. முன்னதற்குக் கை வேண்டும். பின்னதற்குப் பராமரிப்பு வேண்டும்.

குணமும் குறையும்

பம்பு துப்பாக்கி பொதுவாக விலை குறைவு. தோட்டா மெல்லியதாயினும் பலத்ததாயினும் அதற்கு ஒன்றே; இயக்குவது மனிதன் கையாதலால். சேறும் தூசியும் ஓரளவு படிந்தாலும் வேலை நிற்பதில்லை. ஆனால் அவசரத்தில் முன்பிடியை முழுதும் இழுக்காமல் தள்ளிவிட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும். இது பழக்கத்தால் தீரும் குறை.

வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கி, தோளில் படும் உதைப்பை மென்மையாக்குகிறது. ஒரே நாளில் பல தோட்டாக்கள் சுடுவோர்க்கும், தோள்வலியுடையோர்க்கும் இது பெரும் அனுகூலம். எனினும் வாயுத் துவாரங்களில் கரி படியும். அடிக்கடி கழற்றித் துடைக்காவிடில் இயக்கம் தடைப்படும். மிக மெல்லிய தோட்டாக்கள் சில துப்பாக்கிகளை இயக்கப் போதா. கடுங்குளிரில் எண்ணெய் தடித்தாலும் மந்தமாகும்.

விரைவைக் கருதி அதிக விலை கொடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலசைப் பறவை வேட்டையில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கியே வேண்டுமென 1935 முதல் அந்நாட்டில் விதி உண்டு. மேற்படி பனிவாத்து அனுமதியில் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மூன்று தோட்டாக்களுக்குள் வேலை முடிய வேண்டுமாயின், இரு வகைக்குமுள்ள வேக வித்தியாசம் அற்பமே. குறி தவறாமையே பிரதானம். மேலும் 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை அங்கு முழுதும் விலக்கப்பட்டுள்ளது. எஃகு ரவை ஈயத்தினும் லேசானதாதலால் விரைவில் வேகம் இழக்கும். ஆகவே எந்தத் துப்பாக்கியாயினும் பறவை அருகில் வரும்வரை பொறுத்தே சுடவேண்டும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

அரைத் தானியங்கி வகையில், ஒருமுறை சுட்டவுடன் மறு தோட்டா தானே அறையில் ஏறி வெடிக்கத் தயாராகிவிடுகிறது. பறவை விழுந்த சந்தோஷத்தில் வரப்பின்மேல் ஓடுகிறவன் இதை மறந்து வழுக்கி விழுந்தால், அடுத்த வெடி தோழன் மீதே பாயக்கூடும். பம்பு வகையில் முன்பிடியை அசைக்கும்வரை அறையில் வெற்றுத் தோட்டாவே இருக்கும். ஆனால் சுட்ட கையோடு இழுத்துத் தள்ளும் பழக்கமுடையோர்க்கு இப்பாதுகாப்பும் இல்லை.

வீடு திரும்புமுன், குழல் வாயை ஆளில்லாத் திசையில் வைத்து, குழாயிலுள்ள தோட்டாக்கள் யாவற்றையும் எடுத்துவிட்டு, அறையைத் திறந்து கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். குழாய் காலியானதால் அறையும் காலியென்று எண்ணலாகாது. காப்புப் பொத்தானை மட்டும் நம்புதல் கூடாது. துப்பாக்கியையும் தோட்டாவையும் வெவ்வேறு இடங்களில் பூட்டிவைத்தல் குழந்தைகளுள்ள வீட்டிற்கு இன்றியமையாதது.

முடிவு

எப்போதாவது சுடுவோரும், சேற்று வயலில் உழல்வோரும், பலர் கைமாறி ஒரே துப்பாக்கியை உபயோகிக்கும் பண்ணையாரும் பம்பு வகையைக் கொள்வதே நலம். நாள்தோறும் மிகுதியாகச் சுடுவோரும், துடைத்து வைக்கும் பொறுமையுடையோரும் அரைத் தானியங்கியை வாங்கலாம். இரண்டில் எதை வாங்கினும், முதல் நாள் வாங்க வேண்டியது தோட்டாவன்று. அதைக் காலி செய்து காட்டும் பயிற்சியே ஆகும்.